மலிவு விலை வயர்லெஸ் அலாரம் பொம்மையா?

தாழ்ப்பாள்:
பக்கத்து இழையில் நண்பர் மின்காந்தன், "433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் மலிவு அலாரங்கள் வெறும் பொம்மைகள், அலைவரிசையை அடைக்கும் ஜாமர் வைத்திருக்கும் எந்தத் திருடனும் ஒரு நொடியில் அவற்றை ஊமையாக்கிவிடுவான்" என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார். அதை நம்பிய ஒருவர், வாங்கவிருந்த அலாரத்தை வேண்டாமென்று விட்டுவிட்டு, வெறும் பூட்டை நம்பி வெளியூர் கிளம்பப் போகிறாராம். பொறுக்க முடியாமல்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். கதவை நெம்ப வருகிறவன் கடப்பாரையோடு வருவானே தவிர, அலைவரிசையை ஆராய்ந்து அதற்கேற்ற ஜாமரோடு வரமாட்டான். கதவு சற்றே விலகியதும் அதில் ஒட்டிய காந்தம் நகர்ந்து, நிலையில் இருக்கும் சென்சார் அதை உணர்ந்து, உள்ளே சைரன் அலறினால் அவன் ஓட்டம் பிடிப்பான். சாதாரணக் குடும்பத்துக்கு இது போதும். ஜாமரோடு வந்த ஒரே ஒரு திருடனையாவது மின்காந்தன் காட்டட்டும்.

மின்காந்தன்:
நான் எழுதியதில் பாதியை வெட்டிவிட்டு மேற்கோள் காட்டுவது தாழ்ப்பாள் அவர்களுக்குப் புதிதல்ல. கேமரா இழையிலும் இதையேதான் செய்தார். மலிவு அலாரங்களின் சென்சாரில் செய்தியை அனுப்பும் சில்லு மட்டுமே இருக்கிறது, பதிலைப் பெறும் சில்லு இல்லை என்பதே என் வாதம். கதவு திறந்ததும் அது தன் எண்ணைச் சில முறை கூவிவிட்டு ஓய்ந்துவிடும். அது மையக் கருவியை எட்டியதா என்பது அதற்குத் தெரியாது. ஈவி1527 போன்ற சில்லுகளில் அந்த அடையாளம் என்றைக்கும் மாறாத 20 பிட் எண். நீங்கள் ரிமோட்டில் அணைக்கும் பொத்தானை அழுத்தும்போது தெருவில் நிற்கும் ஒருவர் அதைப் பதிவு செய்துகொண்டால், பிறகு எப்போது வேண்டுமானாலும் அதையே ஒலிபரப்பி அலாரத்தை அணைக்கலாம். 2016ஆம் ஆண்டு ஐஓஆக்டிவ் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர், சிம்ப்ளிசேஃப் அலாரத்தின் விசைப்பலகையிலிருந்து வரும் செய்தியை இப்படிப் பதிவு செய்து, திரும்ப ஒலிபரப்பி, கருவியை அணைக்க முடியும் என்று வெளியிட்டார். நான் கேட்பது ஒன்றுதான்: செய்தி கிடைத்தது என்ற ஒப்புகை சென்சாருக்கு வருகிறதா, இல்லையா?

தாழ்ப்பாள்:
நான் திருடனைக் கேட்டால் அவர் ஆய்வாளரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்! ஆய்வாளர்கள் எதைத்தான் உடைக்கவில்லை? ரிமோட் அவ்வளவு ஆபத்தென்றால் அதை அலமாரியில் போட்டுவிட்டு, மையக் கருவியிலேயே இருக்கும் பொத்தான்களில் கடவுஎண்ணைத் தட்டினால் போயிற்று. காற்றில் எதுவும் பறக்காது, தெருவில் நிற்பவர் பதிவு செய்ய ஒன்றும் கிடைக்காது. அப்படி ஒப்புகை தரும் இருவழிக் கருவிகளின் விலையைப் பார்த்துவிட்டுத்தான் இவர் பேசுகிறாரா? ஒற்றைவழிக் கருவியை முழு வீட்டுக்கும் மாட்டுகிற செலவில், அவர் சொல்லும் வகையில் மையக் கருவியை மட்டுமே வாங்கலாம்.

வாசல்விளக்கு:
இருவரும் "மலிவு" என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் தெளிவுபடுத்தினால் படிப்பவர்களுக்கு உதவியாக இருக்கும். அடுத்ததாக, என் வீட்டில் தொல்லை கொடுத்தது ஜாமரும் அல்ல, ஆய்வாளரும் அல்ல. வரவேற்பறையின் அசைவு சென்சாரை ஜன்னலைப் பார்க்கும்படி மாட்டியிருந்தார்கள். பிற்பகல் வெயில் தரையில் விழுந்து திரைச்சீலை ஆடும்போதெல்லாம் சைரன் கத்தியது. அந்த வகைச் சென்சார் அகச்சிவப்பு வெப்பம் மாறுவதைத்தான் பார்க்கிறது என்பதால், வெயிலும் சூடான காற்றும் படாத மூலையில், தரையிலிருந்து இரண்டு மீட்டருக்குச் சற்று மேலே மாட்ட வேண்டும். நேராக அதை நோக்கி நடந்து வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரையே அது எளிதில் பிடிக்கும். கடுங்கோடையில் அறையின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போது அதன் கூர்மை குறைந்துவிடும். இன்னொன்று, கதவுச் சென்சாரின் பேட்டரி தீர்ந்துபோனதை மையக் கருவி எனக்குச் சொல்லவே இல்லை. மூடிய கதவும் செத்த சென்சாரும் அதற்கு ஒன்றுதான்.

மின்காந்தன்:
சகோதரி என் வாதத்தையே எனக்காக எழுதிக் கொடுத்துவிட்டார். நல்ல கருவியில் ஒவ்வொரு சென்சாரும் குறித்த இடைவெளியில் "இருக்கிறேன்" என்று மையத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் நின்றால், பேட்டரி தீர்ந்தாலும் சரி, யாராவது அலைவரிசையை அடைத்தாலும் சரி, மையக் கருவி உங்களை எச்சரிக்கும். ஒப்புகை இல்லாத கருவியில் இதெல்லாம் கிடைக்காது. ஒப்புகை வருகிறதா என்ற கேள்விக்குத் தாழ்ப்பாள் இன்னும் பதில் சொல்லவில்லை.

வாசல்விளக்கு:
நான் யாருடைய வாதத்தையும் எழுதிக் கொடுக்கவில்லை. "இருக்கிறேன்" என்று சொல்வதற்குச் சென்சார் அனுப்பினாலே போதும், பதிலைப் பெற வேண்டியதில்லை. ஒற்றைவழிக் கருவிகளிலும் அதைச் செய்பவை உண்டு. "மலிவு" பற்றிக் கேட்டதும் அப்படியே நிற்கிறது.

தாழ்ப்பாள்:
கேட்டுக்கொள்ளுங்கள் மின்காந்தன்! பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய எந்த ஒப்புகையும் வேண்டாம்: வாரம் ஒருமுறை அலாரத்தை இயக்கிவிட்டு, கதவைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். மின்காந்தன் தம் வீட்டில் மாட்டியிருப்பது வைஃபை அலாரம் என்று கேமரா இழையில் அவரே பெருமையாக எழுதியிருந்தார். அந்த வைஃபையின் இணைப்பைத் துண்டிக்க ஜாமர்கூட வேண்டாம், போலியான துண்டிப்புச் செய்தி போதும் என்பதை அவர் ஏன் சொல்லவில்லை? மின்சாரம் போனால் ரவுட்டரும் போகும், ஒப்புகையும் சேர்ந்து போகும். என் மையக் கருவியிலோ உள்ளேயே பேட்டரி இருக்கிறது, சைரன் 120 டெசிபல்.

மின்காந்தன்:
போலித் துண்டிப்புச் செய்தியெல்லாம் பழைய ரவுட்டர்களில் செல்லும். வைஃபையின் புதிய டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறையில் அந்த வகைச் செய்திகளுக்கும் காப்பு கட்டாயம். என் ரவுட்டரும் அலாரமும் இரண்டுமே அந்த வகைதான். மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறது. அரைகுறையாகப் படித்துவிட்டு இங்கே பாடம் நடத்த வேண்டாம்.

பழையபூட்டு:
120 டெசிபல் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை அப்படியே ஒப்பிப்பவரிடம் கேட்கிறேன்: எந்தத் தூரத்தில் அளந்த 120? திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 110 டெசிபல் என்றால் பதினாறு மீட்டரில் 86 ஆகிவிடும்; நடுவில் சுவரும் மூடிய ஜன்னலும் இருந்தால் இன்னும் அடங்கிவிடும். அளந்த தூரத்தைக் குறிப்பிடாத எண்ணை நான் நம்புவதில்லை.

தாழ்ப்பாள்:
பழையபூட்டு அவர்கள் தம் வீட்டுக்கு இன்னும் அலாரமே வாங்கவில்லை என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். சைரன் அலறுவது எதிர்வீட்டுக்காரரை எழுப்ப அல்ல, உள்ளே நிற்கும் திருடனின் காதைக் கிழிக்கத்தான். அவனுக்கும் சைரனுக்கும் இடையே பதினாறு மீட்டர் இருக்க அது என்ன அரண்மனையா? மின்காந்தன் இன்வெர்ட்டரையும் புது ரவுட்டரையும் கணக்கில் சேர்க்காமல் தம் கருவி விலை குறைவு என்று காட்டுவதைக் கவனியுங்கள். ஜாமர்த் திருடன் எங்கே?

மின்காந்தன்:
ஜாமர் வைத்திருப்பவன் உங்களிடம் அறிவித்துவிட்டு வரமாட்டான். வந்து போனதும் உங்கள் கருவிக்குத் தெரியாது. ஒப்புகை இல்லையே!

பழையபூட்டு:
என் வீட்டில் அலாரம் இருக்கிறதா இல்லையா என்பது தாழ்ப்பாளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தாலும் அதைப் பலரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறவர் பாதுகாப்பைப் பற்றி இழை தொடங்குகிறார். நெறியாளர் அந்த வரியை நீக்க வேண்டும்.

தாழ்ப்பாள்:
நீங்களே எழுதியதைத்தான் சொன்னேன். சுட்டி வேண்டுமா?