குரல்வளையைக் காப்பாற்றும் சிகிச்சையா, எடுத்துவிடுவதா? எதைப் பார்த்து முடிவெடுப்பது?

குன்னூர்வாசி:
பெரியப்பாவுக்கு 61 வயது, தேயிலை ஃபேக்டரி வேலை. குரல்வளையில் புற்று, டி3 (கட்டி எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கான நிலை; 4 வரை உண்டு). இடது குரல் நாண் அசையவில்லை, கழுத்தில் ஒரு நெறிக்கட்டி. எடுத்துவிடலாம், இல்லையென்றால் கீமோவோடு 7 வாரம் ரேடியேஷன் கொடுத்துப் பார்க்கலாம் என்று கோவையில் சொன்னார்கள். குரல் போகக் கூடாது என்பதே வீட்டில் எல்லோர் பேச்சும். தினமும் இங்கிருந்து போய்வரலாமா?

காதுமூக்குதொண்டை:
தம்பி, குரலுக்கு முன்னால் விழுங்குவதைப் பாருங்கள். சாப்பிட்டால் அடிக்கடி புரையேறுகிறதா? மூச்சுக்காகக் கழுத்தில் துளை போட வேண்டி வந்ததா? அப்படியென்றால் கட்டி கரைந்தாலும் வேலை செய்யாத குரல்வளையே மிஞ்சக்கூடும். சாப்பாடு நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும்.

அடுத்து, சி.டி. ரிப்போர்ட்டில் தைராய்டு குருத்தெலும்பு பற்றிய வரி. கட்டி அதைத் துளைத்து வெளியே வந்திருந்தால் டி4ஏ. அதற்குப் பெரும்பாலும் முழுதாக எடுப்பதே நல்லது. உள்பக்கம் மட்டும் அரித்திருந்தால் டி3தான்.

இந்த இரண்டு சிக்கலும் இல்லையென்றால் காப்பாற்றப் பார்ப்பது நியாயம். 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ரேடியேஷனும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 2 ஆண்டு கழித்து 88% பேருக்குக் குரல்வளை நிலைத்தது. முதலில் கீமோ, பிறகு ரேடியேஷன் என்றால் 75%. ரேடியேஷன் மட்டும் என்றால் 70%. ஆயுளில் பெரிய வித்தியாசமில்லை. குருத்தெலும்பைத் துளைத்த கட்டிகளை அதில் சேர்க்கவே இல்லை.

ரேடியேஷன்_நர்ஸ்:
தினமும் மலையேறி இறங்க வேண்டாம். மொத்தம் 70 கிரே (ரேடியேஷன் அளவு), வாரம் 5 நாள் வீதம் 35 நாள், நாளுக்கு 2 கிரே. நடுவில் விட்டால் மிஞ்சிய புற்றணுக்கள் வேகமாகப் பெருகும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மண்சரிவு போதும், மலைப்பாதை அடைபட்டுவிடும். மூன்றாவது வாரத்திலிருந்து தொண்டை புண்ணாகிக் கஞ்சிகூட இறங்காது. அப்போது பஸ் பயணம் கொடுமை. கீழே அறை எடுத்துத் தங்குங்கள். ஒரு நாள் தவறினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்; சனிக்கிழமை சேர்த்தோ, 6 மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இரண்டு முறையோ கொடுத்து ஈடுகட்டுவார்கள்.

சிஸ்பிளாட்டின் உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 100 மி.கி. வீதம் 3 வாரத்துக்கு ஒருமுறை, அல்லது வாரந்தோறும் 40 மி.கி. கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தச் சோதனை), காது கேட்கும் சோதனை இரண்டும் முன்பே எடுக்க வேண்டும். ஆட்டும் பல், சொத்தைப் பல்லை ரேடியேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே பிடுங்கிவிடுங்கள். பிறகு பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் அழுகலாம். பீடி, சிகரெட் இன்றே நிற்கட்டும்.

குன்னூர்வாசி:
நன்றி அக்கா. சி.டி.யில் உள்பக்க அரிப்பு மட்டும்தான். ஆனால் தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது, சோறு இறங்குகிறது.

காதுமூக்குதொண்டை:
அதை வாயால் கேட்டு முடிவு செய்ய முடியாது. மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டு விழுங்கும்போது பார்க்கும் சோதனையைக் கேளுங்கள். புரையேறாமலே நீர் மூச்சுக்குழலுக்குள் இறங்குவதும் உண்டு. சிறிதளவுதான் என்றால் விழுங்கும் பயிற்சியை முதல் நாளே தொடங்க வேண்டும். உணவுக்கு டியூப் போட்டாலும் தினம் சில வாய் விழுங்கட்டும். சும்மா விட்ட தசை இறுகிவிடும்.

சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்து, கட்டி மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கப் பெட் ஸ்கேன். கட்டி மிஞ்சியிருந்தால் அப்போதும் எடுக்கலாம். ஆனால் ரேடியேஷன் பட்ட இடம் சரியாக ஆறாது, தொண்டையில் எச்சில் கசியும் ஓட்டை விழும் வாய்ப்பு அதிகம். எடுத்தாலும் பேச்சு போய்விடாது: மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் நடுவே சின்ன வால்வு வைத்துப் பேசலாம். வீட்டாருக்கு இதைச் சொல்லிவிட்டு மறுபடி பேசுங்கள்.