லக்சர் 2027: சூரியன் உச்சியில் வரும்போது கேமரா முக்காலியில் இடிக்கிறது, என்ன செய்யலாம்?

2027 ஆகஸ்ட் 2 முழு சூரிய கிரகணத்தை எகிப்தின் லக்சரில் படமெடுக்கத் திட்டம். அங்கே முழுமறைப்பு 6 நிமிடத்துக்கும் மேல் நீடிக்கும். ஆனால் சூரியன் அப்போது ஏறத்தாழ 82 பாகை உயரத்தில், மெரிடியனை (வடக்கு-தெற்காக உச்சி வழியே போகும் கோடு) தாண்டிச் சில நிமிடம்தான் ஆகியிருக்கும். சிக்கலே அதுதான்.

கருவி: ஹெச்இக்யூ5 மவுண்ட் (முக்காலி மேல் நின்று வானச் சுழற்சியோடு திரும்பும் தாங்கி), 80 மி.மீ. எஃப்/6 ரிஃப்ராக்டர் (லென்ஸ் தொலைநோக்கி), டிஎஸ்எல்ஆர் கேமரா. அட்சரேகை 25.7, டெக்லினேஷன் (வான நடுக்கோட்டிலிருந்து சூரியனின் கோணம்) +17.8 என்று வைத்து வீட்டுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தாயிற்று. மெரிடியனை நெருங்கும்போது கேமராவின் அடி முக்காலிக் காலில் முட்டுகிறது, 4 செ.மீ. இடம் போதவில்லை. அந்த நேரம் பார்த்து ஃபிளிப் செய்தால் (தொலைநோக்கியை மவுண்டின் மறுபக்கத்துக்குத் திருப்பினால்) ஃப்ரேமிங் போய்விடும், ஃபோகஸையும் நம்ப முடியாது. உடனே ஃபில்டரையும் கழற்ற வேண்டும். வைர மோதிரம் (முழுமறைப்பின் விளிம்பில் ஒரு புள்ளியில் மின்னும் ஒளி) கைநழுவிப் போகும், அதை இழக்க மனமில்லை.

முக்காலிக்கும் மவுண்டுக்கும் நடுவே 20 செ.மீ. நீட்டுக்குழாய் போட்டால் முட்டவில்லை, ஆனால் லேசான காற்றுக்கே படம் ஆடுகிறது. தொலைநோக்கிக் குழாயை அதைப் பிடிக்கும் வளையத்துக்குள் முன்னே தள்ளினால் முன்பாரம் கூடி டெக் (டெக்லினேஷன்) அச்சு நழுவுகிறது. ஆல்ட்-அஸ் மவுண்ட் (மேல்-கீழ், இட-வலமாக மட்டும் திரும்புவது) சரிவராது: இந்த உயரத்தில் முழுமறைப்பு முடிவதற்குள் காட்சி சுமார் 10 பாகை சுழன்றுவிடும்.

நீட்டுக்குழாய் இல்லாமல், முதல் தொடுகை (கிரகணத் தொடக்கம்) முதல் மூன்றாம் தொடுகை (முழுமறைப்பின் முடிவு) வரை ஃபிளிப் செய்யாமல் ஓட்ட, அந்த 4 செ.மீ. இடைவெளியை எப்படி உண்டாக்குவது?