மணிவண்ணன் நடித்ததில், இயக்கியதில் உங்களை இன்னும் விடாத ஒரு காட்சி

நடுவரிசை:
அமைதிப்படை (1994), ஓட்டு எண்ணிக்கை. தேர்தல்ல அமாவாசையை (சத்யராஜ்) நிறுத்தற அரசியல்வாதியா மணிவண்ணன் வருவாரு. மீதிக் கதை தெரியாதவங்க இங்க இருக்க மாட்டீங்க, நேரா விஷயத்துக்கு வர்றேன். நாற்காலி நுனியில ஒடுங்கி உட்கார்ந்திருக்கற அமாவாசை, ஓட்டு ஏற ஏற உட்கார்ற தோரணையையே மாத்திக்கிட்டு வருவாரு. எல்லாரும் சத்யராஜைத்தான் பார்ப்பாங்க. ஒரு தடவை பக்கத்துல இருக்கற மணிவண்ணனை மட்டும் பாருங்க. சொன்னபடி கேட்பான்னு நிறுத்தின ஆள் கை நழுவிப் போறது அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் உறைக்கும். அதை வசனத்தால சொல்லலை, கண்ணாலயே சொல்லிட்டாரு. படத்தோட டைரக்டரும் அவரேதான். நினைச்சிருந்தா தனக்கு நாலு குளோசப் கூட வெச்சிருக்கலாம். வைக்கலை. அந்தத் தன்னடக்கம்தான் எனக்கு மறக்கலை.

கட்டிங்டேபிள்:
தன்னடக்கம்னு சொல்றதை ஒத்துக்க முடியலைங்க. அது கணக்கு. ஒருத்தன் பெரிய ஆளாகறதை அவனை மட்டும் காட்டி நம்ப வைக்க முடியாது, பயப்படறவன் முகத்தையும் காட்டணும். அறிவிப்பு வருது, அமாவாசை அசையறாரு, மணிவண்ணன் கவனிக்கறாரு. இந்த வரிசை ஒரு தடவை மாறினாலும் காட்சி போச்சு. அவர் முகம் முன்னாடியே வந்தா, நடக்கப் போறது நமக்குத் தெரிஞ்சுடும். ரொம்பத் தள்ளி வந்தா அமாவாசை சும்மா சேட்டை பண்ற மாதிரி ஆயிடும். பார்க்கறவர் முகத்தைக் காட்டற அந்த ரியாக்‌ஷன் ஷாட் நீண்டாலும் கெட்டுது, பார்க்கறவன் கவனம் அந்தப் பக்கம் போயிடும். நிழல்கள் (1980) படத்துக்குக் கதை வசனம் எழுதின கைங்க அது. எங்க பேசக்கூடாதுன்னு அந்தக் கைக்குத் தெரியும்.

சூலூர் பஸ்:
எனக்கு உள்ளத்தை அள்ளித்தா (1996), மணிவண்ணனுக்கு இரட்டை வேஷம். இரட்டையர்ல கெட்டவன், நல்லவன் இடத்துல வீட்டுக்குள்ள வந்து உட்கார்றாரே, அந்த இடம். முகம் ஒண்ணுதான். ஆனா ஆள் வேறன்னு நமக்கு உடனே தெரியும். பார்வையும் பேச்சோட வேகமும்தான் காரணம். இயக்கினது சுந்தர் சி., மணிவண்ணன்கிட்டயே உதவி இயக்குநரா இருந்தவர்.

இதைப் பார்த்துட்டு குறும்படத்துல இரட்டை வேடம் பண்ணப் போற தம்பிங்களுக்குச் சில விஷயம் சொல்லணும். ஒரே நடிகரை ஒரே ஃப்ரேம்ல ரெண்டு பேரா காட்ட, ஃபிலிம் காலத்து மாஸ்க் ஷாட்ல லென்ஸ் முன்னால பாதியை மறைச்சு ஒரு பக்கத்தை எடுப்பாங்க. அப்புறம் ஃபிலிமை அதே ஃப்ரேமுக்குத் திருப்பிச் சுத்தி, மறைப்பை மாத்தி, மறுபக்கத்தை எடுப்பாங்க. இப்ப கம்ப்யூட்டர்ல ஒட்டறீங்க, ஆனா சொதப்பற இடம் அதேதான். முதல்ல ட்ரைபாட். ரெண்டு டேக்குக்கும் நடுவுல யாரும் அதைத் தொடக்கூடாது, நூலளவு அசைஞ்சாலும் ரெண்டு பாதியும் சேர்ற நடுக்கோட்டுல சுவர் துடிக்கும். ஜன்னல் வெளிச்சத்தை நம்பாதீங்க. நடிகர் வேஷம் மாத்தி வர அரை மணி நேரம் ஆனாலே நிழல் நகர்ந்திடும், அதனால ஜன்னலை மூடி லைட் போட்டு எடுங்க. எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூணும் கேமரா தானா மாத்தாதபடி மேனுவல்ல இருக்கணும். நடுக்கோட்டை கதவு விளிம்பு, தூண் மாதிரி ஏதாவது மேல வெச்சுக்கங்க, ஒட்டினது தெரியாது. கையோ நிழலோ கோட்டைத் தாண்டினா வெட்டுப்படும், தரையில டேப் ஒட்டிடுங்க. எதிராளி இருக்கற இடத்துல நடிகர் பார்த்துப் பேச ஒரு ஸ்டாண்ட் வைங்க, ரெண்டாவது ஆள் உட்கார்ந்திருந்தா அந்த உயரத்துக்கு இறக்கிடுங்க. நின்ன உயரத்துலயே விட்டா முதல் ஆள் ரெண்டாவது ஆளோட தலைக்கு மேல பார்ப்பாரு. எதிராளி வசனத்தை உதவியாளர் ஒருத்தர் முழுசா, அதே வேகத்துல படிக்கணும். இல்லைன்னா இடைவெளி பத்தாது, டப்பிங்ல ஒரு குரல் மேல இன்னொண்ணு ஏறும். எல்லா ஷாட்லயும் ரெண்டு முகத்தையும் காட்டவும் வேண்டாம். தோளுக்குப் பின்னாலருந்து டூப் வெச்சு எடுத்தா முக்கால்வாசி முடிஞ்சிடும், மாஸ்க் ரெண்டு மூணு ஷாட் போதும்.

ஒத்தப்பனை:
காமெடியிலயே நிக்கறோம். சங்கமத்துல (1999) கிராமியக் கலைக்குழுவோட ஆசானா வந்தாரே, அந்த மனுஷனை யாரும் சொல்லலை. மத்த படத்துல வாய் ஓயாம நக்கல் பண்றவர், அதுல எதிராளி பேசி முடிக்கற வரைக்கும் பொறுத்திருப்பாரு. அதே வருஷம் முதல்வன்ல முதலமைச்சரோட பிஏ, படையப்பால சொத்துல பங்கு கேட்டு வர்ற சித்தப்பா. மூணையும் ஒரே வாரத்துல போட்டுப் பாருங்க. இவர் கையில 400 படத்துக்கு மேல இருந்தது, சங்கமம் மாதிரி வேஷம் எத்தனை கொடுத்தோம்? இயக்குநராவும் அப்படித்தான். 1984-ல நூறாவது நாள், 24 மணி நேரம்னு மிரட்டினவரை நடிப்பு இழுத்துட்டுப் போயிடுச்சு. மொட்டைத் தலையோட சத்யராஜ் வர்ற நூறாவது நாள் ஃப்ரேம் ஒண்ணு போதும், என்ன இழந்தோம்னு சொல்ல.

கட்டிங்டேபிள்:
@ஒத்தப்பனை, இழுத்துட்டுப் போனதுன்னு சொல்ல முடியாதுங்க. கோபுரங்கள் சாய்வதில்லையில (1982) இயக்குநரானவர், கொடி பறக்குதுல (1988) குருநாதர் பாரதிராஜாவுக்காக வில்லனா நின்னாரு. அமைதிப்படை அதுக்கு ஆறு வருஷம் கழிச்சு வந்ததுதான். அந்த மணிவண்ணனே நடிகனாவும் உள்ள உட்காராம எண்ணிக்கைக் காட்சி கிடைச்சிருக்குமா? ஆனா நடிப்பால இயக்கத்துக்குத் தேதி கிடைக்காம போனது உண்மை. இயக்குநர்னா கதை, ஷூட்டிங், எடிட்டிங், டப்பிங், ரீரெக்கார்டிங் (பின்னணி இசை)னு மாசக்கணக்குல ஒரே படத்துல அடைபடணும். குணச்சித்திர நடிகர் அதே காலத்துல பல படத்துக்குச் சில நாள் கொடுத்துட்டுப் போயிடலாம். ஒரு படம் தள்ளிப் போனா இன்னொண்ணோட தேதி மேல ஏறும், அதுக்கு நடுவுல சொந்தப் படத்துக்கு ஸ்கிரிப்ட் எங்க எழுத? ஆண்டான் அடிமை 2001, அடுத்தது 2013 மே மாசம் வந்த நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ. அது இயக்குநரா அவரோட 50-வது படம். அடுத்த மாசம் 15-ம் தேதி காலமாயிட்டாரு.

நடுவரிசை:
சரி, தன்னடக்கம்ங்கறதை விட்டுடறேன், நீங்க சொன்ன வரிசைக்காக நேத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒண்ணு மட்டும் ஒத்துக்கலை. எண்ணிக்கையில அவர் முகத்துல பயம் மட்டும் இல்லை. தான் நிறுத்தின ஆள் ஜெயிக்கறான்னு சந்தோஷமும் கடைசி வரைக்கும் கலந்தே இருக்கு. அதையும் சேர்த்து யாராவது எழுதுங்க.