ஃபிளஷுக்கு ஒரு சீட்டு பாக்கி: கால் செய்வதா, ஃபோல்டா?

தென்காசித் தம்பி:
ஹாஸ்டலில் ராத்திரி டெக்சஸ் ஹோல்டம் ஆடுகிறோம். காசு கிடையாது, பிளாஸ்டிக் சிப்ஸ்தான். ரம்மி நன்றாக வரும், போக்கர் புதிது. நேற்று என் கையில் ஆர்ட்டின் ஏஸ், ஆர்ட்டின் ஏழு. ஃபிளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக நடுவில் திறக்கும் முதல் மூன்று சீட்டில், ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் நான்கு, கிளாவர் ஒன்பது. டர்னில், அதாவது நான்காவது பொதுச் சீட்டாக, ஸ்பேடு இரண்டு. நடுவில் 200 சிப்ஸ் சேர்ந்திருந்தது. எதிரே இருந்தவன் இன்னொரு 200 வைத்தான். ஒரே ஒரு ஆர்ட்டின் விழுந்தால் ஐந்தும் ஆர்ட்டின், எனக்கு ஃபிளஷ். இங்கே கால் செய்து, அதாவது நானும் 200 வைத்து, தொடரலாமா, இல்லை ஃபோல்ட் என்று சீட்டைப் போட்டுவிட்டு விலகலாமா? அவுட்ஸ், பாட் ஆட்ஸ் என்கிறார்களே, அதையும் யாராவது சொல்லுங்கள்.

கடைசி இருக்கை:
தம்பி, அழகான கேள்வி. உன்னை ஜெயிக்க வைக்கும் சீட்டுகள்தான் அவுட்ஸ். ஆர்ட்டின் மொத்தம் 13, நாலு உன் கண்ணுக்குத் தெரிகிறது, மீதி 9. நீ பார்க்காத சீட்டு 46. அதாவது ஐந்து தடவைக்கு ஒரு தடவைதான் ஃபிளஷ் விழும். கணக்குப் போட நேரமில்லை என்றால் அவுட்ஸை இரண்டால் பெருக்கு: 18 சதவீதம், கிட்டத்தட்ட சரி.

இப்போது விலையைப் பார். அதுதான் பாட் ஆட்ஸ். நீயும் 200 வைத்தால் நடுவில் 600 ஆகும். அந்த 600-க்கு 200 கொடுக்க, மூன்றுக்கு ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும். உனக்கு அந்த அளவுக்கு வாய்ப்பு இல்லை. ஃபோல்ட். அவன் 200-க்குப் பதில் 50 வைத்திருந்தால்? 300-க்கு 50 என்றால் ஆறுக்கு ஒன்று போதும், தாராளமாகக் கால் செய்யலாம். சீட்டு அதேதான், பெட் மாறினால் பதிலும் மாறும். ரம்மியிலிருந்து வருகிறவர்களுக்கு இது பழக சில நாள் ஆகும், ஏனென்றால் அங்கே கை நன்றாக இருந்தால் ஆடுவோம், அவ்வளவுதான்.

மதுரை ராணி:
ஏஸ் விழுந்தாலும் ஜெயிக்கலாமே? எதிராளியிடம் ராஜா ஜோடி மட்டும் என்றால் மூன்று ஏஸையும் சேர்த்து 12 அவுட்ஸ்.

கடைசி இருக்கை:
சரிதான், நான் அதை விட்டுவிட்டேன். ஆனால் 46-இல் 12 என்றாலும் 26 சதவீதம்தான், 33 வேண்டும். அவன் கையில் ஏஸ்-ராஜா இருந்தால் அந்த ஏஸ் உன்னையே கவிழ்த்துவிடும். அதனால் ஏஸை அரை மனதோடு எண்ணு.

மதுரை ராணி:
ரிவரில், அதாவது கடைசிப் பொதுச் சீட்டு விழுந்த பிறகு, வரும் சிப்ஸையும் பார்க்க வேண்டும். ஃபிளஷ் விழுந்த பிறகு அவனிடமிருந்து சராசரியாக இன்னும் 420 சிப்ஸாவது வரும் என்றால் வெறும் 9 அவுட்ஸுக்கே கால் சரியாகிவிடும். ஆனால் நடுவில் மூன்றாவது ஆர்ட்டினைப் பார்த்ததும் பாதிப் பேர் சுருண்டுவிடுவார்கள்.

தென்காசித் தம்பி:
புரிந்தது அக்கா, அண்ணா. அந்த ஏஸ்-ஏழை ஆரம்பத்திலேயே எடுத்திருக்கலாமா?

கடைசி இருக்கை:
எங்கே உட்கார்ந்திருந்தாய் என்பதைப் பொறுத்தது. டீலர் பட்டன், அதாவது சீட்டுப் போடுபவர் இடத்தைக் காட்டும் வில்லை, உன்னிடம் இருந்தால் ஃபிளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசுவாய், எல்லோரும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அங்கே எடு. ஒன்பது பேர் மேசையில் முதலில் பேச வேண்டிய இடம் என்றால் கவிழ்த்து வைத்துவிடு.