பியூட்டி ஃபில்டர்: ‘முகமினுக்கு’ என்று சொல்லலாமே

வணக்கம். ஃபோன் படத்தில் முகத்தைப் பளபளப்பாகக் காட்டும் பியூட்டி ஃபில்டருக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் வந்த ‘அழகு வடிகட்டி’ எனக்குச் சரியாகப் படவில்லை. வடிகட்டினால் சக்கை ஒரு பக்கம், சாறு ஒரு பக்கம் போகும், இதில் அழகு எந்தப் பக்கம் என்று கேட்பவர் யோசிக்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு ‘வடிகட்டின முட்டாள்’, ‘வடிகட்டின பொய்’ என்று திட்டிப் பழகிய சொல் வேறு. படத்தின் நுண்விவரங்களைக் குறைக்கும் கணக்கைப் பற்றி எழுதும் பொறியாளர் ‘வடிப்பான்’ என்று எழுதட்டும், அது நியாயம். ஃபோனில் பொத்தானைத் தொடுகிறவருக்கு அந்தக் கணக்கு எதற்கு?

அதே பேச்சில் வந்த ‘ஒப்பனைத்திரை’ கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நரை, திரை, மூப்பு என்று அடுக்கும்போது திரை என்றால் தோல் சுருக்கம். சுருக்கத்தை மறைக்கிற வசதிக்கே அந்தப் பெயரா?

நான் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைப் பக்கத்துக்காரன். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவில் கதகளி உண்டு, சின்ன வயதில் ஆட்டத்தைவிட, ஒப்பனை செய்யும் அணியறையில் வேடம் போடுவதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. பச்சை, கத்தி, தாடி, கரி என்று வேடங்கள் பல இருந்தாலும், பெண்களுக்கும் முனிவர்களுக்கும் போடும் வேடத்துக்கு ‘மினுக்கு’ என்று பெயர். பச்சை வேடத்தில் தாடையோரம் வைக்கும் ‘சுட்டி’ என்ற வெள்ளை விளிம்பு இதில் கிடையாது. மனயோலை என்ற மஞ்சள் நிறப் பொடியோடு சாயில்யம் என்ற சிவப்புப் பொடியைக் கொஞ்சம் சேர்த்துக் குழைத்துப் பூசி, முகத்தை ஒரே சீராகப் பளபளக்க வைத்து, கண்ணும் புருவமும் எழுதுவார்கள். ஆள் அதே ஆள்தான், அடையாளம் தெரியும், தோல் மட்டும் மினுங்கும். ஃபில்டர் செய்வதும் இதைத்தானே! அதனால்தான் ‘முகமினுக்கு’ என்கிறேன், பேச்சில் சுருக்கமாக ‘மினுக்கு’.

மலையாளத்திலிருந்து கடன் வாங்குகிறோம் என்று யாரும் தயங்க வேண்டாம், சொல் நம்மிடமும் இருக்கிறது. அடங்கு, அடக்கு போலத்தான் மினுங்கு, மினுக்கு. தானாக ஒளிர்வது மினுங்குவது, ஒன்றைத் தேய்த்துத் துலக்கி ஒளிர வைப்பது மினுக்குவது. அதாவது வெளியிலிருந்து ஏற்றிய பளபளப்பு என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எழில், கவின், வனப்பு எதைச் சேர்த்தாலும் இந்தப் பொருள் கிடைக்காது, அவை எல்லாம் இயல்பாக உள்ள அழகைத்தான் சொல்லும்.

‘மேனாமினுக்கி’ நினைவுக்கு வருகிறதே என்பீர்கள். உண்மைதான், அலங்காரம் செய்துகொள்ளும் பெண்களை இழித்துப் பேசத்தான் அதை அதிகம் சொல்லியிருக்கிறார்கள், எனக்கும் அது பிடிக்காது. அந்த வாடை ஒட்டக்கூடாது என்றுதான் ‘மினுக்கி’ என்று போகாமல் ‘மினுக்கு’ என்று நிறுத்துகிறேன். மினுக்கி ஆளைச் சுட்டுகிறது, மினுக்கு செயலோடு நின்றுவிடுகிறது.

‘மினுக்கைக் கொஞ்சம் குறை’, ‘மினுக்கு போடாத படம் ஒன்று அனுப்பு’ என்று வீட்டில் சொல்லிப் பார்த்தோம், விளக்கம் சொல்லாமலே பிள்ளைகளுக்குப் புரிந்தது. அப்புறம், படம் முழுக்க நிறம் மாற்றும் ஃபில்டருக்கு இந்தச் சொல் பொருந்தாது. அதற்கு வேறு யோசிக்க வேண்டும்.