புதுப்பிப்பு: .22 பிஸ்டலில் வெற்று கேஸ் சிக்கிய பிரச்சினை தீர்ந்தது

25 மீட்டர் வேகச் சுற்றில் நான்காவது, ஐந்தாவது சுடுதலில் வெற்று கேஸ் (சுட்ட பிறகு மிஞ்சும் தோட்டாவின் கூடு) வெளியேறாமல் பாதியிலேயே மாட்டிக்கொள்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசின்தான் காரணம் என்று நம்பினேன். என்னிடம் உள்ள இரண்டு மேகசின்களுக்கும் எண் போட்டுப் பார்த்தேன், இரண்டிலும் அதே சிக்கல். மேகசின் மேல் தப்பில்லை.

அப்புறம் தோட்டாவை எடுத்து, சேம்பர் (சுடும்போது தோட்டா உட்காரும் அறை) காலி என்று உறுதிசெய்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். வெற்று கேஸை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் மெழுகும் ஈயத்தூளும் கலந்து கறுப்புப் பசையாக இறுகியிருந்தது. கொக்கியால் கேஸின் விளிம்பைச் சரியாகப் பிடிக்கவே முடியவில்லை. .22 குண்டின் வெளிப்புறத்திலேயே மசகு பூசியிருப்பதால் இது சேரத்தான் செய்யும். மரப் பல்குச்சியால் சுரண்டினேன், சேம்பரை வெண்கலப் பிரஷ்ஷால் தேய்த்தேன், எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. அதற்குப் பிறகு 300 தோட்டா சுட்டாகிவிட்டது, ஒன்றுகூடச் சிக்கவில்லை.

வெடிமருந்தின் அளவை மாற்றி வெற்று கேஸை மறுநிரப்பு செய்யச் சொன்ன நண்பருக்கு: சென்டர்ஃபயரில் (பற்றவைக்கும் மருந்து கேஸின் அடிப்பகுதி நடுவில் இருக்கும் வகை) செய்யலாம். .22-இல் பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள்ளேயே இருக்கிறது, ஊசி அடித்து நசுங்கிய கேஸை மறுபடி பயன்படுத்த நடைமுறையில் வழியில்லை. தோட்டா வகையை மாற்றிப் பார்ப்பதுதான் நம் கையில் உள்ளது, அதுவும் சுத்தம் செய்த பிறகு.