ஃபர்ஸ்ட் பாஸ் மெட்டபாலிசம்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் மேடம்,

வாயால் விழுங்கும் மருந்து பொது ரத்த ஓட்டத்தை எட்டுமுன்பே குடல் சுவரிலும் கல்லீரலிலும் அதில் ஒரு பங்கு மாற்றப்படுவதுதான் ஃபர்ஸ்ட் பாஸ் மெட்டபாலிசம். நம் சொற்பட்டியலுக்கு இதற்கான சொல்லாக நீங்கள் கேட்டது:

> 'கல்லீரல் சுங்கம்' என்று வைக்கலாமா? முதுநிலை செவிலிய மாணவிகளுக்கு ஒருமுறை சொன்னால் போதும், மறக்காது.

மனதில் தங்கும் சொல்தான். ஆனால் பொருள் இரண்டு இடத்தில் இடிக்கிறது. பரனூர் சுங்கச்சாவடியில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் காருக்கு ஒரே கட்டணம். கல்லீரல் எடுப்பது பங்கு. வலி மருந்தான மார்ஃபினை வாய்வழி 30 மி.கி. கொடுத்தால் ஏறத்தாழ 10 மி.கி.தான் பொது ரத்த ஓட்டத்துக்கு வந்து சேரும். 60 கொடுத்தால் 20. அடுத்து, எல்லாம் கல்லீரலில் நடப்பதில்லை. குடல் சுவரிலேயே மருந்துகளை மாற்றும் சிப் 3ஏ4 (CYP3A4) நொதி இருக்கிறது. கிரேப்ஃப்ரூட் சாறு அதை முடக்குவதால்தான் ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறுகிறது.

முன்பு பரிந்துரையாக வந்த 'முதற்கடப்புச் சிதைவு' நெருங்கி வருகிறது, ஆனால் 'சிதைவு' வேண்டாம். எனலாப்ரில் என்ற ரத்த அழுத்த மருந்து வேலை செய்வதே கல்லீரல் அதை எனலாப்ரிலாட்டாக மாற்றிய பிறகுதான். அங்கே சிதைவு என்றால் மாணவி தலைகீழாகப் புரிந்துகொள்வார். ஆகவே 'முதற்கடப்பு மாற்றம்'. மாறாமல் ரத்தத்தை எட்டும் பங்குக்கு 'எட்டுபங்கு' என்று வைத்தால் என்ன?

-----

ஐயா,

'முதற்கடப்பு மாற்றம்' எனக்கும் சம்மதம். 'எட்டுபங்கு' மட்டும் கூடாது. மருந்துச் சீட்டில் அது 8 பங்கு என்றே படிக்கப்படும். மருந்தளவு பேசும் இடத்தில் எண்ணாகத் தோன்றும் சொல் ஆபத்து. 'சேர்பங்கு' போதும்.

வார்டில் சொல்லிப் பார்ப்போம்: "என்.பி.ஓ. (வாய்வழி எதுவும் தரக்கூடாத) நோயாளிக்கு வாய்வழி மார்ஃபினை ஐ.வி.க்கு (சிரைவழி ஊசிக்கு) மாற்றுகிறோம், முதற்கடப்பு இல்லை, 30 வேண்டாம், 10." இது புரியாமல் 30 மி.கி.யையே ஊசியில் ஏற்றினால் மூன்று மடங்கு போய்ச் சேரும், மூச்சு அடங்கும். இந்தச் சொல் இருப்பதே இந்தத் தவற்றைத் தடுக்கத்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒரு சிக்கல். 'கடப்பு' என்பதற்கு வழியாகப் போவது, தாண்டிப் போவது என்று இரண்டு பொருளும் உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் 5 மி.கி. மாத்திரை அங்குள்ள சிரைகள் வழியாக கல்லீரலுக்குப் போகாமல் நேரே இதயத்துக்குச் செல்லும் மேற்பெருஞ்சிரைக்குப் போகிறது. "கல்லீரலைக் கடந்துவிடுகிறது" என்று எழுதினால் ஒருத்தி கல்லீரலுக்குள் போனதாகவும் இன்னொருத்தி போகவில்லை என்றும் எடுத்துக்கொள்வாள். போகாததற்கு 'தவிர்க்கிறது' என்றே எழுதுவோம். கல்லீரல் சுருக்க நோயில் (சிரோசிஸ்), குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் போர்ட்டல் சிரை ரத்தம் பக்கவழிகளில் திரும்பிவிடும், நொதியும் குறைந்திருக்கும். சேர்பங்கு கூடும்; மூன்றில் ஒன்று என்ற கணக்கை அங்கே நம்பவே கூடாது. இந்த ஒரு பத்தியிலேயே வினை தவறினால் மருந்தளவும் தவறும்.

மாத்திரையை நாக்கின் அடியில் வைத்தவர் தண்ணீர் குடித்து விழுங்கினால் மறுபடி முதற்கடப்புதான்: நெஞ்சுவலிக்குச் சில நிமிடத்தில் கிடைக்க வேண்டிய பலன் தாமதமாகும், சேர்பங்கும் குறையும். விளக்கத்தில் இந்த எடுத்துக்காட்டைச் சேர்த்துவிடுங்கள். மாணவிகள் 'முதல்கடப்பு' என்றும் தட்டச்சு செய்து தேடுவார்கள்; அகரவரிசையில் அந்த வடிவத்தையும் போட்டு 'முதற்கடப்பு' பார்க்க என்று காட்டலாம்.